அச்சிட்ட கட்டங்களும் ஓரக்குறிப்பும்

கணினி நிரலில் ‘பொருள்’ எனப்படுவது, வெளியுலகில் உள்ள ஏதோ ஒன்றைப் பற்றிய செய்திகளை ஓரிடத்தில் சேர்த்துக் கட்டிய தொகுதியாகும். அச்செய்திகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் உண்டு, பெயரும் மதிப்பும் இணைந்த அந்த அலகே ‘பண்பு’ என்று வழங்கப்படுகிறது. ஒரு பொருளுக்கு எந்தெந்தப் பண்புகள் இருக்கலாம் என்பதை எப்போது முடிவு செய்வது என்ற கேள்விக்கு நிரல்மொழிகள் இரு வேறு விடைகளைத் தந்துள்ளன. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே முழுப் பட்டியலையும் அறிவித்துவிட வேண்டும் என்பது ஒரு மரபு. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தேவை எழும் கணத்தில், எந்தப் பொருளுக்கும் எந்தப் பண்பையும் சேர்க்கலாம் என்பது மற்றொரு மரபு. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ரூபி, லுவா போன்ற ஸ்கிரிப்ட் மொழிகள், அதாவது தனியே தொகுத்து வைக்கும் படி எதுவுமின்றி எழுதியவுடன் இயக்கிப் பார்க்கக்கூடிய மொழிகள், ஏறத்தாழ எல்லாமே இரண்டாவது மரபைச் சேர்ந்தவை.

இந்த வேறுபாடு கணினிக்கு முன்பே காகிதத்தில் இருந்தது. மலாக்கா மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் பெரட்டு எனப்படும் காலை ஆள்கூட்டத்தில் கணக்கெடுத்த கிராணிமார் என்னும் எழுத்தர்கள், தொழிலாளரின் அன்றாட வேலையைச் செக்ரோல் என்னும் கணக்கேட்டில் எழுதினர். அதன் கட்டங்கள் அச்சகத்திலேயே தீர்மானிக்கப்பட்டவை. அச்சிட்ட கட்டத்தில் அடங்காத செய்தி ஒன்று வரும்போது, அதைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதுவதைத் தவிரக் கிராணிக்கு வழியில்லை. கட்டங்கள் முதல் மரபு என்றால், ஓரக்குறிப்பு இரண்டாவது மரபு. ஸ்கிரிப்ட் மொழிகள் செய்ததெல்லாம், ஓரக்குறிப்புக்கும் அச்சிட்ட கட்டத்துக்கும் இடையே இருந்த தகுதி வேற்றுமையை நீக்கி, இரண்டையும் ஒரே முறையில் எழுதவும் படிக்கவும் இடம் கொடுத்ததுதான்.

மலாக்காத் தோட்டங்களின் வரலாற்றை ஒரு நிரலில் பதிவுசெய்ய முற்பட்டால், கட்டங்களை முன்கூட்டியே அச்சிடுவது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். மலாயாவில் வணிக நோக்கிலான முதல் ரப்பர் நடவு 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த ஹென்றி ரிட்லியின் தூண்டுதலால், தான் சே யான் என்பவரால் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அவர் புக்கிட் அசகானில் அதைவிடப் பெரிய பரப்பில் நடவு செய்தார். அதற்கு முன் அம்மாநிலத்தின் தோட்டக்காரர்கள் மரவள்ளியும் கம்பீரும் பயிரிட்டு வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், ரப்பர் இருந்த நிலங்களில் பல செம்பனைக்கு மாறின. நகரங்களை ஒட்டியிருந்த தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. ஆகவே ஜாசின் வட்டாரத்தில் உள்ள ஒரு நிலத்துண்டு, நூற்றிருபது ஆண்டுகளுக்குள் மரவள்ளிக்காடாகவும் ரப்பர் தோட்டமாகவும் செம்பனைத் தோட்டமாகவும் இருந்திருக்கக்கூடும், ஒவ்வொரு காலத்திலும் அதைப் பற்றி எழுதிவைக்கத் தக்க செய்திகள் முற்றிலும் வேறாக இருந்திருக்கும்.

ரப்பருக்கு வேண்டியவை, மரத்தின் குளோன் எது, அதாவது ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்று ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கிய எந்த வகை என்பதும், பட்டையில் எந்தப் பக்கம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டப்படுகிறது என்பதும், 1970களில் பரவலான எத்தஃபோன் என்னும் பால் ஊக்கி பூசப்பட்டதா என்பதும் ஆகும். செம்பனைக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தாது; அங்கே குலையின் எடை, அறுவடைச் சுற்று, மகரந்தச் சேர்க்கை நடந்த விதம் ஆகியவை வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய படிவத்தை அச்சிட்டால், எந்த ஒரு நிலத்துண்டுக்கும் பாதிக் கட்டங்களுக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும், எத்தஃபோன் போன்ற புதிய ஒன்று வரும்போது படிவத்தையே மாற்றி அச்சிட வேண்டியிருக்கும்.

பண்புகளை முன்கூட்டியே அறிவிக்கும் மரபு, ஓஸ்லோவில் ஓலெ-யோகான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 என்னும் மொழியிலிருந்து வருகிறது; ‘வகுப்பு’ என்ற கருத்தை, அதாவது ஒரே அச்சில் வார்க்கப்படும் பொருள்களுக்கான வரைவை, நிரல்மொழிக்குள் கொண்டுவந்தது அதுவே. இவ்வழியில் வந்த சி++, ஜாவா ஆகியவற்றில், நிரலைத் தொகுக்கும்போதோ வகுப்பை ஏற்றும்போதோ, பொருள் பிறக்கும் முன்பே, ஒவ்வொரு பண்புக்கும் நினைவகத்தில் ஓர் இடம் குறிக்கப்பட்டுவிடுகிறது. நட்ட ஆண்டு என்பது பொருளின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் உள்ளது என்பது முன்பே தெரிவதால், அதைப் படிப்பதற்குத் தேடல் எதுவும் தேவையில்லை. ஆனால் பட்டியலில் இல்லாத பண்பைச் சேர்க்க முயல்வது தொகுப்புப் பிழையாகி, நிரலே தொகுக்கப்படாமல் போகும்.

திறந்த மரபு இதைவிடப் பிந்தியது என்று எண்ணுவது வழக்கம். உண்மையில் அது முந்தியது. 1950களின் இறுதியில் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கிய லிஸ்ப் மொழியில், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பண்புப்பட்டியல் தொங்கிக்கொண்டிருந்தது, அதில் எப்போது வேண்டுமானாலும் புதிய பண்பைக் கோத்துவிடலாம். பின்னர் 1980களின் பிற்பகுதியில் டேவிட் உங்காரும் ராண்டல் ஸ்மித்தும் வடிவமைத்த செல்ஃப் என்னும் மொழி, வகுப்பு என்பதையே கைவிட்டு, பொருள்களை நகலெடுத்துத் திருத்துவதே போதும் என்று காட்டியது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் முதல் வடிவத்தை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் அக்கருத்தை எடுத்துக்கொண்டது. 1989இன் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் கைடோ வான் ரோசம் எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்ட பைத்தான், வகுப்பை வைத்துக்கொண்டே பொருளைத் திறந்துவிட்டது, இனி வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அம்மொழியை ஒட்டியவை.

பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008இல் வெளிவந்ததிலிருந்து நிரலில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுத முடிகிறது. எந்தப் பண்பும் அறிவிக்கப்படாத வெற்று வகுப்பொன்றிலிருந்து ‘பிரிவு’ என்னும் பொருளை உருவாக்கிய பின், கீழ்வரும் மூன்று வரிகளும் பிழையின்றி ஓடும்.

பிரிவு.தோட்டம் = "புக்கிட் லிந்தாங்"
பிரிவு.நட்ட_ஆண்டு = 1896
பிரிவு.பயிர் = "ரப்பர்"

புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது பொருள், வலப்பக்கம் இருப்பது பண்பின் பெயர், சமக்குறிக்கு அப்பால் இருப்பது மதிப்பு. மூன்று பண்புகளும் அந்தந்த வரி ஓடும் கணத்தில்தான் பிறக்கின்றன. இது எப்படி இயலுகிறது என்றால், பைத்தானில் சாதாரணப் பொருள் ஒவ்வொன்றுக்குள்ளும் ‘டிக்ட்’ எனப்படும் ஓர் அகராதி இருக்கிறது. பண்பின் பெயரை ஓர் எண்ணாகக் குறுக்கி, அந்த எண் காட்டும் இடத்தில் மதிப்பை வைக்கும் ஹாஷ் அட்டவணையே இந்த அகராதி. பண்பைச் சேர்ப்பது என்பது அகராதியில் ஒரு பதிவைச் சேர்ப்பதேயன்றி வேறில்லை. பண்பின் பெயர் நிரல் எழுதும்போது தெரியாமல், வெளியிலிருந்து வரும் கோப்பின் தலைப்பு வரியிலிருந்து கிடைக்குமானால், ‘செட்ஆட்டர்’ என்னும் செயல்கூறிடம் பொருளையும் பெயரையும் மதிப்பையும் கொடுத்தால் அதே வேலை நடந்துவிடும். ஒரு தோட்டத்தின் கோப்பில் ஐந்து பத்திகளும் மற்றொன்றில் ஒன்பது பத்திகளும் இருந்தாலும், ஒரே சிறிய சுழல் இரண்டையும் பொருள்களாக்கிவிடுகிறது. இத்தகைய மொழிகள் தரவு சேகரிப்போரிடையே பரவியதற்கு இவ்வசதி ஒரு முக்கியக் காரணம்.

எல்லாப் பொருள்களும் இப்படித் திறந்தவை அல்ல. எண், எழுத்துச்சரம் போன்ற உள்ளமைந்த பொருள்களுக்கும், எல்லா வகுப்புகளுக்கும் மூலமான ‘ஆப்ஜெக்ட்’ என்பதிலிருந்து நேராக உருவாக்கிய பொருளுக்கும் உள்ளே அகராதி இல்லாததால், அவற்றில் பண்பு சேர்க்க முயன்றால் பிழைச்செய்தியே கிடைக்கும். அதிலிருந்து பிறந்த வெற்று வகுப்பின் பொருள் மட்டும் தாராளமாக ஏற்றுக்கொள்வது, புதிதாகக் கற்போரைக் குழப்பும் முரண்.

பண்பைப் படிக்கும்போது நடக்கும் தேடலுக்கு ஒரு வரிசை உண்டு. சில சிறப்பு விதிவிலக்குகளை ஒதுக்கிவிட்டால், முதலில் பொருளின் சொந்த அகராதி பார்க்கப்படுகிறது. அங்கே இல்லையேல் வகுப்பு, அதன்பின் வகுப்பின் மூதாதை வகுப்புகள். எங்கும் இல்லையேல் ‘ஆட்ரிபியூட்எரர்’ என்னும் பிழை எழுகிறது. இவ்வரிசையின் விளைவு, பண்பைத் தனிப்பொருளுக்கு மட்டுமன்றி வகுப்புக்கும் பின்னாளில் சேர்க்கலாம், சேர்த்த கணத்திலேயே ஏற்கெனவே பிறந்திருக்கும் எல்லாப் பொருள்களுக்கும் அது தெரியும் என்பது. செம்பனையின் வரலாற்றில் இதற்கு ஓர் உண்மையான நேர் உண்டு. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் 1981 வரை, மகரந்தச் சேர்க்கைக்காகத் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. பூச்சியியலாளர் ரகுமான் சையதின் ஆய்வையொட்டி, அவ்வாண்டில் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறிய கூன்வண்டு இனம் தோட்டங்களில் விடப்பட்டதும் அவ்வேலைக்குத் தேவையில்லாமல் போயிற்று. புதிய மரங்கள் நடப்படவில்லை, பழைய மரங்கள் மாறவில்லை. இனம் முழுவதையும் பற்றிய ஓர் உண்மை மட்டும் ஒரே ஆண்டில் மாறியது. நிரலில் இதை எழுத, ஒவ்வொரு பிரிவையும் தேடித் திருத்த வேண்டியதில்லை.

செம்பனை.மகரந்தச்_சேர்க்கை = "கூன்வண்டு"

இங்கே ‘செம்பனை’ என்பது தனிப்பொருள் அன்று, வகுப்பு. இந்த ஒரு வரி ஓடியதும், அவ்வகுப்பின் பொருள்கள் எல்லாவற்றிலும் அப்பண்பைப் படிக்கலாம். எனினும் 1975ஆம் ஆண்டுக்கான பதிவாக உருவாக்கிய ஒரு பொருளில் ‘கை’ என்ற மதிப்பு முன்பே எழுதப்பட்டிருந்தால், தேடல் பொருளின் சொந்த அகராதியிலேயே முடிந்துவிடுவதால், அங்கே கை என்பதே விடையாக நிற்கும். பொதுவிதியும் தனிப்பட்ட விலக்கும் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்கும் இந்த ஏற்பாடு, வரலாற்றுப் பதிவுக்கு மிகவும் உகந்தது. ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்ட நிலத்துக்கு இதன் மறுதலை வேண்டும்: குளோன் என்னும் பண்பை வெறுமையாக்குவது அன்று, நீக்குவது, திறந்த மொழிகள் அதற்கும் வழி வைத்துள்ளன.

வெறுமைக்கும் இன்மைக்கும் உள்ள இவ்வேறுபாடே திறந்த பொருளின் மிகப் பெரிய பயன் என்று சொல்லலாம், பாடநூல்கள் இதைப் போதிய அளவு அழுத்திக் கூறுவதில்லை. அச்சிட்ட படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அச்செய்தி கிடைக்கவில்லையா, கேட்கப்படவில்லையா, அல்லது அந்த ஆளுக்கு அக்கேள்வியே பொருந்தாதா என்பதை அறிய வழியில்லை. மலாக்காவில் ஆட்பெயரைப் பதிவுசெய்வது இதற்குச் சரியான சோதனை. தோட்டப்புறத்துத் தமிழர் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் கிடையாது. தம் பெயருக்குப் பின் மகன் அல்லது மகள் என்பதைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கமும் அதன்பின் தந்தை பெயரும் அடையாள அட்டையில் வருகின்றன. காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியை மையமாகக் கொண்டு, 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலைப் போற்றிவரும் மலாக்காச் செட்டிகளோ, பேச்சில் மலாய் கலந்த மொழியைக் கொண்டவர்களாயினும், பிள்ளை, செட்டி போன்ற பட்டங்களைத் தலைமுறை தலைமுறையாகக் குடும்பப்பெயராகவே வைத்திருப்பவர்கள். முன்பெயர், குடும்பப்பெயர் என்ற இரு கட்டங்களைக் கொண்ட அயல்நாட்டுப் படிவம் பின்னவர்க்குப் பொருந்தும். முன்னவர்க்குத் தந்தை பெயரைக் குடும்பப்பெயராக்கிவிடும், அப்போது தந்தையும் மகனும் வெவ்வேறு குடும்பத்தினராகத் தோன்றுவர். திறந்த பொருளில் ஒருவருக்குத் ‘தந்தை_பெயர்’ என்ற பண்பும் மற்றவருக்குக் ‘குடும்பப்_பெயர்’ என்ற பண்பும் இருக்கலாம். இல்லாதது இல்லாததாகவே இருக்கும், ‘ஹேஸ்ஆட்டர்’ என்னும் செயல்கூறு அது இருக்கிறதா இல்லையா என்பதை உள்ளபடி சொல்லும்.

அடையாள அட்டையின் எண்ணோ அதற்கு நேர் எதிரான அமைப்பு. 1990 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம், மலாக்காவுக்கு 04, பின்னர் கூடுதலாக 30. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஒவ்வொரு செய்திக்கும் இடம் முன்பே குறிக்கப்பட்டிருப்பதால் இது சிமுலா மரபின் தூய வடிவம் எனலாம். 2001இல் மைக்காட் என்னும் சில்லு பொருத்திய அட்டை வந்தபோதும் எண்ணின் அமைப்பு மாறவில்லை. நிலைத்த அமைப்பின் விலையும் அதில் தெரிகிறது: ஆண்டுக்கு இரண்டே இலக்கங்கள் என்பதால், 1926இல் பிறந்த முதியவரும் 2026இல் அதே மாதம் அதே நாளில் பிறக்கும் குழந்தையும் அந்த ஆறு இலக்கங்களால் மட்டும் வேறுபட மாட்டார்கள். நிரலில் இவ்வெண்ணை வைத்திருந்தால் பாலினத்தையும் மாநிலத்தையும் தனிப் பண்புகளாகச் சேமிக்க வேண்டியதில்லை. கேட்கும்போது எண்ணிலிருந்து கணக்கிட்டுத் தரும் பண்பு ஒன்றை வகுப்பில் வைத்தால் போதும், பைத்தானில் அதற்குப் ‘பிராப்பர்ட்டி’ என்று பெயர்.

திறந்த பொருளின் தீங்கும் அதன் நன்மை பிறந்த இடத்திலேயே பிறக்கிறது. இல்லாத பண்புக்கு மதிப்பு கொடுத்தால் அது பிறந்துவிடும் என்பதால், இருக்கும் பண்பின் பெயரைத் தவறாக எழுதினாலும் பிழைச்செய்தி வராது. தவறான பெயரில் ஒரு புதிய பண்பு ஓசையின்றிப் பிறக்கும், பழைய பண்பு பழைய மதிப்புடனேயே இருக்கும். தமிழில் இந்த ஆபத்து சற்றுக் கூடுதல். ‘மறுநடவு’ என்பதில் றகரம் ரகரமானால் அது பிழை என்றாவது சொல்லலாம். ‘ரப்பர்_இனம்’ என்று ஒருவரும் ‘இரப்பர்_இனம்’ என்று மற்றொருவரும் எழுதினால் இருவரும் தத்தம் வழக்கில் சரியாகவே எழுதுகிறார்கள், இரண்டுமே மலேசியத் தமிழ் அச்சில் காணப்படுபவை. ஆனால் அகராதிக்கு அவை இரு வேறு பெயர்கள். நூறு பிரிவுகளின் பதிவில் பாதி ஒரு பெயரிலும் பாதி மற்றொரு பெயரிலும் சேர்ந்துவிட்டால், எழுதும்போது எழாத பிழை படிக்கும்போது, பல நாள் கழித்து, வேறொருவரின் நிரலில் எழும்.

பண்புப் பெயர்கள் நிரலுக்கு வெளியே இருப்பவர்களிடமிருந்து வரும்போது தீங்கு வேறு வகையாகிறது. இணையப் படிவத்தில் வந்த பெயர்களையெல்லாம் அப்படியே பொருளில் ஏற்றும் நிரல், ‘அனுமதி’ என்ற பெயரில் ஒருவர் அனுப்பும் மதிப்பையும் ஏற்றிவிடும். 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில், ரூபியில் எழுதிய நிரலின் இத்தகைய தாராளத்தைப் பயன்படுத்தி, தமக்கு உரிமையில்லாத திட்டமொன்றில் ஒருவர் எழுதிக் காட்டியது பரவலாக அறியப்பட்ட நிகழ்ச்சி.

இக்காரணங்களால் திறந்த மொழிகள் தம்மைத் தாமே ஓரளவு மூடிக்கொள்ளவும் கற்றன. பைத்தான் 2001இலேயே ‘ஸ்லாட்ஸ்’ என்னும் அறிவிப்பைச் சேர்த்தது; வகுப்பில் அதன்கீழ் எழுதிய பெயர்களைத் தவிர வேறு பண்புகளை அவ்வகுப்பின் பொருள்கள் ஏற்கமாட்டா, அவற்றுள் அகராதியும் இராது. இணையத் தளங்களில் பெருவழக்காயுள்ள பிஎச்பி மொழியின் 8.2 பதிப்பு, 2022 டிசம்பரில், அறிவிக்காத பண்பைச் சேர்ப்பது கைவிடத்தக்க வழக்கம் என்று எச்சரிக்கத் தொடங்கியது. வேண்டுவோர் வகுப்பின் தலையில் வெளிப்படையாக அனுமதி எழுதிக்கொள்ளலாம். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு திறந்திருந்த கதவை ஒரு மொழி சாத்துவது அரிது, அதன் பயனர்களிடையே எழுந்த முணுமுணுப்பும் சிறிதன்று.

மூடுவதற்கு வேகமும் நினைவகமும் கூடக் காரணங்கள், ஆனால் இக்காரணங்களின் வலு காலப்போக்கில் குறைந்துள்ளது. ஆயிரம் பொருள்கள் ஒரே பண்புப் பெயர்களைக் கொண்டிருந்தால், அப்பெயர்களின் அட்டவணையை ஆயிரம் முறை சேமிப்பது வீண் என்பதால், 2012இல் வந்த பைத்தான் 3.3 பெயர்களை வகுப்புக்கு ஒன்றாகவும் மதிப்புகளைப் பொருளுக்கு ஒன்றாகவும் பிரித்து வைத்தது. இக்கருத்தின் மூலவடிவம் செல்ஃப் மொழியின் ஆய்வில் 1989இலேயே உருவாகியிருந்தது. 2008இல் கூகுள் குரோமுடன் வெளிவந்த வி8 என்னும் ஜாவாஸ்கிரிப்ட் பொறி அதை வளர்த்து, ஒரே வரிசையில் ஒரே பண்புகளைப் பெற்ற பொருள்களுக்கு மறைவான ஒரு வகுப்பைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. வரிசை என்பது இங்கே முக்கியம்: ஒரு பொருளில் பயிரை முதலிலும் ஆண்டைப் பின்னும், மற்றொன்றில் ஆண்டை முதலிலும் பயிரைப் பின்னும் சேர்த்தால், மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அவ்விரண்டும் பொறிக்கு இரு வேறு அமைப்புகள். வகுப்பு வேண்டாம் என்று சொன்ன மொழிக்கு, வேகத்துக்காகப் பொறியே திரைமறைவில் வகுப்புகளைக் கட்டித் தருகிறது என்பதில் ஒரு நகைமுரண் உண்டு.

தமிழில் பண்புப் பெயர் எழுதுவோர் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு சிக்கல், எழுத்துப் பிழையே இல்லாமல் ஒரு பெயர் இரண்டாகிவிடுவது. யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. இதில் ஓகாரக் குறி, 3019 என்ற ஒற்றை எண்ணாலும் குறிக்கப்படலாம். ஏகாரக் கொம்பின் 3015உம் காலின் 3006உம் அடுத்தடுத்து வருவதாலும் குறிக்கப்படலாம். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இந்த இரட்டை நிலை உண்டு. ஆகவே ‘தோட்டம்’ என்னும் சொல் ஒரு முறையில் ஏழு எண்களாகவும் மற்றொரு முறையில் எட்டு எண்களாகவும் எழுதப்படும், திரையிலும் அச்சிலும் இரண்டும் ஒன்றே. இக்காலத் தமிழ் விசைப்பலகைகள் பொதுவாக ஒற்றை எண்ணையே தருகின்றன. ஆனால் ஆப்பிள் கணினிகளில் நெடுங்காலம் இருந்த கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. 1990களின் இறுதியில் பரவிய டிஸ்கி குறிமுறை, கொம்பையும் காலையும் கண்ணில் படும் வரிசையில் தனித்தனியாக வைத்திருந்ததால், பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் இணைக்க மறந்த இடங்களிலும் பிரிந்த வடிவமே எஞ்சும்.

பைத்தானை வடிவமைத்தவர்கள் இதை எண்ணாமல் இல்லை. நிரலின் உரையில் நேராக எழுதப்படும் பெயர்களையெல்லாம், இயல்பாக்கம் என்னும் முறையால், ஓடுவதற்கு முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது அம்மொழி, எனவே ‘பிரிவு.தோட்டம்’ என்பதை எப்படித் தட்டச்சு செய்தாலும் ஏழு எண் கொண்ட வடிவமே அகராதியில் பதியும். ஆனால் செட்ஆட்டர் வழியே வரும் பெயர் நிரலின் உரை அன்று, நிரல் கையாளும் தரவு. அதைப் பைத்தான் தொடுவதில்லை. கோப்பின் தலைப்பு வரியில் எட்டு எண் கொண்ட ‘தோட்டம்’ இருந்தால் அதே வடிவில் அது அகராதியில் ஏறும், பிறகு புள்ளியிட்டுப் படிக்க முயலும்போது ஏழு எண் வடிவம் தேடப்பட்டு, அப்படி ஒரு பண்பே இல்லை என்ற விடை வரும். அகராதியை அச்சிட்டுப் பார்ப்பவருக்கோ தோட்டம் என்ற பெயர் கண்முன்னே நிற்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் பயன்படுத்துவோர் இச்சிக்கலைச் சந்திப்பதே அரிது என்பதால், பொதுவான பாடநூல்களில் இதற்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் ஒரு படி கண்டிப்பானது: நிரலின் உரையில் உள்ள பெயர்களைக் கூட அது இயல்பாக்குவதில்லை, ஆகவே இரு வேறு கணினிகளில் தட்டச்சு செய்த இரண்டு ‘தோட்டம்’ ஒரே கோப்பிலேயே இரு பண்புகளாக வாழக்கூடும்.

இதற்கான திருத்தம் சிறியது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பெயரையும், பண்பாக ஏற்றும் முன், யூனிகோட் இயல்பாக்கச் செயல்கூறு ஒன்றின் வழியே செலுத்திவிட்டால் போதும், பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அது உள்ளமைந்தே வருகிறது. கடினமானது, திருத்தம் தேவை என்று தெரிந்துகொள்வது. அங்கேதான் மூடிய வகுப்பு கைகொடுக்கிறது. எல்லா நிலத்துண்டுகளுக்கும் பொதுவான தோட்டம், வட்டாரம், நட்ட ஆண்டு, பயிர் ஆகிய பெயர்களை ஸ்லாட்ஸில் அறிவித்து, பயிருக்குப் பயிர் மாறும் செய்திகளுக்கு ‘குறிப்புகள்’ என்ற பெயரில் ஓர் அகராதியை மட்டும் பண்பாக வைத்தால், குளோனும் குலை எடையும் அந்த அகராதிக்குள் தம் விருப்பம்போல் வந்து போகும். எட்டு எண் கொண்ட ‘தோட்டம்’ தலைப்பில் வந்த கோப்பை இத்தகைய வகுப்பில் ஏற்ற முயன்றால், புக்கிட் லிந்தாங்கோ புக்கிட் அசகானோ, முதல் வரியைப் படிக்கும்போதே நிரல் பிழை காட்டி நின்றுவிடும். முழுதும் திறந்த வகுப்போ கடைசி வரிவரை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, ‘தோட்டம்’ என்னும் இரண்டு பெயர்களையும் ஒரே பொருளுக்குள் வைத்துக்கொண்டிருக்கும்.